லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்: பாட்டில்ஸ் வழியாக நிறுவுவது எப்படி?

லினக்ஸுக்கு மாறிய பிறகும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட ஏதாவது ஒரு மென்பொருள் நம்மை விடாது. எனக்கு அது ஒரு பழைய கணக்கு மென்பொருள். அதற்காக இன்னொரு விண்டோஸை நிறுவ வேண்டியதில்லை, வைன் போதும். 1993இல் தொடங்கிய திட்டம் இது. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கும். எந்த மென்பொருள் வைனில் எவ்வளவு நன்றாக ஓடும் என்று தரம் போட்டு வைத்திருக்கும் தளம் ஆப்டிபி. முதலில் அங்கே உங்கள் மென்பொருளைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றிருந்தால் தைரியமாக இறங்கலாம்.

டெர்மினலில் வைனை நேரடியாகவும் ஓட்டலாம். ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்வது பாட்டில்ஸ்தான். வைனைக் கட்டளை தட்டாமல், பொத்தான்களை அழுத்தியே ஓட்ட உதவும் மென்பொருள் இது.

1. ஃபிளாட்பேக் வடிவ லினக்ஸ் மென்பொருள்கள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்திலிருந்து பாட்டில்ஸை நிறுவுங்கள்.

2. கூட்டல் குறியை அழுத்திப் புதிய பாட்டில் ஒன்றை உருவாக்குங்கள். சாதாரண மென்பொருளுக்கு 'அப்ளிகேஷன்', விளையாட்டுக்கு 'கேமிங்'. ஒவ்வொரு பாட்டிலும் தனக்கென ஒரு சி டிரைவும் ரெஜிஸ்ட்ரியும் (அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) கொண்ட தனி விண்டோஸ் மாதிரி. அதனால் ஒரு மென்பொருளுக்கு ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்காகப் போட்ட டாட்நெட் (பல விண்டோஸ் மென்பொருள்கள் ஓடத் தேவைப்படும் துணைத் தொகுப்பு) இன்னொன்றைக் கெடுத்துவிட்டால், எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. வட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் போகும், போகட்டும்.

3. பாட்டிலுக்குள் போய் 'ரன் எக்ஸிகியூட்டபிள்' அழுத்தி செட்டப் கோப்பைக் காட்டுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பென்டிரைவிலோ வேறு டிரைவிலோ இருக்கும் செட்டப் திறக்கும், பாதியில் 'கோப்பு இல்லை' என்று நின்றுவிடும். கோப்பு கண்முன்னே இருக்கும்! ஃபிளாட்பேக் மென்பொருள்கள் வேலியடைத்த இடத்தில் ஓடுபவை. நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கோப்பு மட்டுமே பாட்டில்ஸுக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கும் கேப் கோப்புகள் (நிறுவ வேண்டியவை சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் கோப்புகள்) தெரியாது. மெனுவில் 'பிரவுஸ் ஃபைல்ஸ்' அழுத்தினால் அந்தப் பாட்டிலின் கோப்புகள் திறக்கும். செட்டப் இருக்கும் ஃபோல்டரை அப்படியே அங்குள்ள சி டிரைவில் போட்டுவிட்டு, அங்கிருந்து ஓட்டுங்கள். ஃபிளாட்பேக் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் மூலம் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் திறந்துவிடும் வழியும் உண்டு, ஆனால் அதை நான் செய்ய மாட்டேன். விண்டோஸ் வைரஸ் வைனிலும் ஓடக்கூடும். அந்த வேலிதான் நம் கோப்புகளுக்குக் காவல்.

4. நிறுவிய பிறகு திறக்கவில்லையா? பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படியுங்கள். எம்எஸ்விசிபி என்று தொடங்கும் டிஎல்எல் (விண்டோஸ் மென்பொருளின் துணைக் கோப்பு) பெயர் வந்தால் 'டிபெண்டென்சீஸ்' பக்கத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பைச் சேருங்கள். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அங்கேயே எழுத்துருக்களும் இருக்கின்றன. கேட்டதை மட்டும் போடுங்கள், எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கச் செருகும் சிறு கருவி) வைத்துத் திறக்கும் மென்பொருள் ஓடுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். சொந்த விண்டோஸ் டிரைவர் கேட்பவை பெரும்பாலும் ஓடாது. விண்டோஸின் மையமான கெர்னல் வரை இறங்கும் ஆன்டி-சீட் (ஏமாற்று தடுப்பு) உள்ள விளையாட்டுகளும் அப்படியே. அவற்றுக்கு விண்டோஸே வேண்டும்.

இன்னொன்று: எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் அந்தப் பாட்டிலின் முழு நகலான 'ஃபுல் ஆர்க்கைவ்' எடுத்து வையுங்கள். புதிய கணினிக்குப் போகும்போது அதை இறக்குமதி செய்தால் போதும், மறுபடி நிறுவ வேண்டாம்.