9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மது விழிப்புணர்வு வகுப்பு: நடத்துவது எப்படி?

முதலில் பேச வேண்டியது பெற்றோரிடம். பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே அவர்களை மட்டும் அழைத்து 30 நிமிடம் பேசுங்கள். "ஒரு வாய்தானே, ருசி பார்க்கட்டும்" என்று வீட்டிலேயே கொடுத்தால் பிள்ளை அளவோடு பழகும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு, பின்னாளில் அதிகம் குடிக்கும் வாய்ப்புதான் கூடுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-இல் அறிவித்ததையும் சொல்லுங்கள்.

அடுத்து வகுப்பு. 12 பிள்ளைகள், 2 பெரியவர்கள், வாரம் ஒருமுறை 25 நிமிடம், மூன்று வாரம். ஒருவர் பாடம் நடத்தட்டும், மற்றவர் சாட் (chat) பெட்டியில் வரும் செய்திகளைக் கவனிக்கட்டும். ரெக்கார்டிங்கையும், பிள்ளைகள் தங்களுக்குள் தனியாகச் செய்தி அனுப்பும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

முதல் வாரம் உடம்பு. மூளை 25 வயதுவரை வளர்கிறது, மது அந்த வளர்ச்சியைக் கெடுக்கிறது. இந்த வயதுக்கு இவ்வளவு போதும். கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டாதீர்கள். அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளை அன்றிரவு தூங்காது.

இன்னொரு பெரிய தவறு, "உங்க வீட்ல யார் குடிப்பாங்க?" என்று எல்லோர் முன்னும் கேட்பது. பக்கத்து அறையில் அந்த அப்பாவே இருக்கலாம். பதில் சொன்ன பிள்ளைக்கு அடி விழலாம். "கவின் என்று ஒரு பையன்" எனக் கற்பனைப் பாத்திரத்தை வைத்தே பேசுங்கள். வீட்டில் யாராவது குடித்தால் அது பிள்ளையின் தப்பல்ல, நிறுத்தவைப்பதும் பிள்ளையின் வேலையல்ல என்பதை மூன்று வாரமும் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம் மறுக்கும் பயிற்சி. "வேணாம், எனக்குப் பிடிக்காது" என்று ஒரே வரி. இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். மனதுக்குள் படித்த வரி தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது.

மூன்றாம் வாரம் பெற்றோரும் உடன் உட்காரட்டும். வீட்டு விதிகள் இரண்டை மட்டும் சேர்ந்து எழுதட்டும். மது பாட்டிலோடு சானிடைசரும் பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும். பெரும்பாலான சானிடைசரில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உண்டு. சின்ன உடம்பில் அது இரத்தச் சர்க்கரையைச் சட்டென இறக்கி மயக்கத்தில் தள்ளும்.

ஏதாவது பிள்ளை வீட்டு விஷயத்தைத் திடீரென்று சொல்லத் தொடங்கினால் துருவாதீர்கள். "சொன்னதுக்கு நன்றி, அப்புறம் நாம தனியா பேசலாம்" என்று நிறுத்தி, அன்றைக்கே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். பெற்றோருக்கு நீங்களே போன் செய்து விசாரிக்காதீர்கள்.