லேப்ராஸ்கோபியில் கருவி ஏன் கைக்கு அடங்க மறுக்கிறது?

"இந்த கிராஸ்பர் சரியில்லை, வேறு கொடுங்கள் சிஸ்டர்." சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் பித்தப்பை ஆபரேஷன் நடுவே அடிக்கடி கேட்கும் பேச்சு. பெரும்பாலும் கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் நீளக் கருவி) நன்றாகத்தான் இருக்கும். போர்ட், அதாவது கருவியை உள்ளே விட வயிற்றுச் சுவரில் வைக்கும் குழாய், போட்ட இடம்தான் தப்பு.

கருவி வயிற்றுச் சுவரை ஊன்றுபுள்ளியாக வைத்து நெம்புகோலாக வேலை செய்கிறது. கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். சாதாரணக் கருவி சுமார் 36 செ.மீ. நீளம். பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தால் கை அசையும் அளவுக்கே நுனியும் அசையும். போர்ட் பித்தப்பைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால், தோள் வலிக்க ஆட்டினாலும் நுனி கொஞ்சம்தான் நகரும். ரொம்பத் தள்ளி இருந்தால் கைப்பிடி போர்ட்டில் இடிக்கும், கை நடுக்கமும் நுனியில் பெரிதாகும்.

வயிற்றை உப்பவைக்கக் காஸ் ஏற்றும் முன்பே போர்ட் இடத்துக்குக் குறி போடுவதால்தான் இது அதிகம் நடக்கிறது. வயிறு உப்பியதும் குறி நகர்ந்துவிடும். அழுத்தம் 12 மி.மீ. பாதரசம் வரை ஏறிய பிறகு அளந்து குறியுங்கள். பருமனானவர்களுக்குத் தொப்புள் கீழே இறங்கியிருக்கும். மார்பெலும்பின் கீழ்நுனியிலிருந்து அளப்பதே சரி.

அப்புறம் ட்ரோகாரின் (போர்ட் போடக் குத்தும் கருவி) திசை. குத்தும்போதே அது பித்தப்பையைப் பார்த்துப் போக வேண்டும். வேறு திசையில் போனால் ஒவ்வொரு அசைவிலும் வயிற்றுச் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டும். துளை பெரிதாகி காஸும் கசியும். இரண்டு கருவிகளும் உள்ளே சுமார் 60 டிகிரியில் சந்திக்கட்டும், கேமரா நடுவில் இருக்கட்டும். நெருக்கிப் போட்டால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சிசேரியனும் லேப்ராஸ்கோபியும் ஒரே தியேட்டரில் மாறி மாறி நடக்கும் நர்சிங் ஹோம்கள் உண்டு. அங்கே பிளக் பாயிண்ட் இருக்கும் மூலையில் மானிட்டரை நிறுத்திவிடுகிறார்கள். கழுத்தைத் திருப்பி வேலை செய்தால் கையும் கண்ணும் ஒத்துப்போகாது. எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டாவது நோயாளியின் வலது தோள் பக்கம், உங்கள் நேர் எதிரே, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். கைப்பிடி முழங்கை உயரத்தில் இருக்குமாறு டேபிளை இறக்குங்கள். இறங்காத டேபிள் என்றால் பலகை போட்டு நில்லுங்கள். காட்டரி (திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) பெடலும் அதே பலகைமேல் இருக்கட்டும், காலால் துழாவக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு எட்டவில்லையா? தப்பான போர்ட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடாதீர்கள். இன்னொரு 5 மி.மீ. போர்ட் போடுங்கள். அப்படியும் பித்தக்குழாய் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வயிற்றைத் திறந்துவிடுங்கள்.