தார் ரோடு ராலியில் பழைய எஸ்கார்ட்: கோளாறை எங்கிருந்து தேடுவது

ஸ்டேஜ் (ரோட்டை மூடி நேரம் பார்த்து ஓட்டும் ஒரு பகுதி) முடிந்து வண்டி பழுது பார்க்கும் சர்வீஸுக்குள் வருகிறது. ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே "மிஸ்ஸிங் அடிக்குது, கார்புரேட்டர் போச்சு" என்கிறார், உடனே நம்மில் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு வெபர் கார்புரேட்டர் மேல் பாய்கிறார், கையில் இருக்கும் இருபது நிமிடத்தில் பதினைந்து அங்கேயே தீர்ந்துபோகிறது. வண்டி அதே மிஸ்ஸிங்கோடு அடுத்த ஸ்டேஜுக்குப் போகும், இப்போது செட்டிங்கும் கலைந்திருக்கும்.

ஸ்பேனரைத் தொடும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது? எந்த ஆர்பிஎம்மில், வண்டி சூடானபிறகா, நேர் ரோட்டிலா வளைவிலா, இடது வளைவா வலதா, பிரேக் போடும்போதா விட்டபிறகா. இதை ஓட்டுநரிடம் கேட்டால் பாதி நேரம் "எல்லா இடத்துலயும்தான்" என்று பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவரிடம் சொல்லி வையுங்கள், கோளாறு தலைகாட்டும் ஒவ்வொரு இடத்திலும் பேஸ் நோட்ஸ் (அவர் படிக்கும் வளைவுக் குறிப்புகள்) ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று கோடும் இடது ஹேர்பின்னில் (கொண்டை ஊசி வளைவில்) விழுந்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

நான் பேசுவது மார்க் 2 ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பற்றி. 1972 முதல் 1979 வரை தொடர்ந்து எட்டு வருடம் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை மார்க் 1, மார்க் 2 எஸ்கார்ட்டுகள்தான் ஜெயித்தன. 1981-இல் ஆரி வாட்டனன் உலக சாம்பியன் ஆனதும் எஸ்கார்ட் ஆர்எஸ் 1800-இல்தான். இன்றைக்கும் அயர்லாந்தில் டொனிகால், கில்லார்னி பக்கம் ரோட்டை மூடி ராலி நடத்தினால் வேலி ஓரம் நிற்கும் ஜனம் காத்திருப்பது பின்பக்கத்தை வீசிக்கொண்டு வரும் எஸ்கார்ட்டுகளுக்குத்தான். விலை கூடிய பிடிஏ இன்ஜின் வாங்கப் பணம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு ஃபோர்டின் 1993 சிசி பின்டோ இன்ஜின், அதன் மேல் இரண்டு வெபர் 45 டிசிஓஇ, அதாவது இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர். அதனால் பின்டோவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மிஸ்ஸிங். டிசிஓஇ இரண்டு போட்ட வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தொண்டை, தனி ஐடில் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை). கீழே மிஸ் அடித்து மூவாயிரத்துக்கு மேல் போனதும் சுத்தமாக இழுத்தால், ஏதோ ஒரு ஐடில் ஜெட்டில் தூசி உட்கார்ந்திருக்கிறது என்றே முதலில் நினையுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு எக்ஸாஸ்ட் குழாய் நான்கிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூன்றில் சுர்ரென்று ஆவியாகும், ஒன்றில் சும்மா வழியும், அதுதான் ஆள். வெபர் தலையில் இருக்கும் வட்ட மூடியைத் திறந்தால் ஜெட் கைக்கு வரும், காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் அது வேறு நம்பர் ஜெட். ஜெட் சுத்தமாக இருந்தும் அந்தக் குழாய் சூடாகவில்லை என்றால் அந்த சிலிண்டரின் பிளக்கையும் பிளக் ஒயரையும் மாற்றிப் பாருங்கள்.

கீழே நன்றாக ஓடி மேலே போனால்தான் இருமுகிறது என்றால் கதை வேறு. பெட்ரோல் போதவில்லை, அல்லது ஸ்பார்க் போதவில்லை. இதில் என் பந்தயம் எப்போதும் ஸ்பார்க் மேல்தான். டிஸ்ட்ரிபியூட்டரோடு இருக்கும் கண்டென்சர் சூடானால் செத்து ஆறினால் உயிர்த்தெழும், அதனால்தான் சர்வீஸில் நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தாலும் பழைய பாயின்ட் செட் ஒன்றைப் பிளேட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருங்கள். அவசரத்தில் பிளக் ஒயரைப் பிடுங்கி மாட்டும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பின்டோவின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் வரும் வரிசை) 1-3-4-2, ஃபோர்டின் இன்னொரு இன்ஜினான கென்ட் கிராஸ்ஃப்ளோவுக்கு 1-2-4-3. கிராஸ்ஃப்ளோவிலேயே கை பழகியவர்கள் இங்கே வந்து கார்புரேட்டர் வழியாகப் பட்டாசு வெடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மூன்று பென்சில் கோடு எங்கள் வண்டிக் கதைதான். டொனிகாலில் நொக்காலா மலை ஏற்றம், ஒவ்வொரு இடது ஹேர்பின்னிலும் ஒரு விநாடி இன்ஜின் அணைந்து திரும்பப் பிடிக்கிறது. ஃப்ளோட் லெவல் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டம்) என்று ஒருத்தர், பம்ப் என்று ஒருத்தர், நானும் என் பங்குக்கு ஜெட் மாற்றினேன். கடைசியில் பானெட்டைத் திறந்து வைத்து ஐடிலில் ஓடவிட்டு, ஒரு ஆள் ராக்கர் கவர் பக்கம் இன்ஜினைப் பிடித்துத் தள்ளினார், அணைந்தது. இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயர் கொஞ்சம் குட்டை. இன்ஜின் தன் ரப்பர் மவுன்ட்டில் சாயும்போதெல்லாம் அது இழுபட்டு, காப்பு உறைக்குள்ளே முறிந்திருந்தது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சாண் ஒயரும் ஒரு கிரிம்பும் போட்டதோடு சரி. அன்றிலிருந்து மிஸ்ஸிங் என்று வந்தால் முதலில் இன்ஜினை ஆட்டிப் பார்ப்பேன், அப்புறம் ஓடும் இன்ஜினில் ஒயர்களையும் எர்த் பட்டையையும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் ஒவ்வொன்றாக ஆட்டுவேன்.

ஸ்பார்க் சரி என்று தெரிந்தபிறகு பெட்ரோலுக்கு வாருங்கள். வெபருக்கு வேண்டிய பெட்ரோல் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐக்கு உள்ளேதான். பம்ப் பெரிதாக இருந்தால் நல்லது என்று ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும், பிளக் கரியாகும், ஓட்டுநர் "பிக்கப் இல்லை" என்பார். ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன கேஜ் வைத்துவிட்டால் யூகிக்க வேண்டிய வேலையே இல்லை.

கார்புரேட்டரை மேனிஃபோல்டில் பிடிக்கும் நட்டுக்கு அடியில் தாக்கரே வாசர் என்று சுருள் ஸ்பிரிங் மாதிரி ஒன்று இருக்கும். அதை நசுக்கி முறுக்கக் கூடாது, சுருளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் போல இடைவெளி தெரிய வேண்டும். கார்புரேட்டர் கொஞ்சம் மிதந்துகொண்டு இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இறுக்கிவிட்டால் இன்ஜின் அதிர்வில் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் நுரைக்கும், அதை எந்த ஜெட் மாற்றியும் சரிசெய்ய முடியாது. ரொம்ப லூஸாக விட்டால் ஓ-ரிங் வழியாகக் காற்று இழுக்கும். சந்தேகம் இருந்தால் ஐடிலில் கார்ப் கிளீனரை அந்த இடுக்கில் லேசாக அடியுங்கள், ஆர்பிஎம் மாறினால் ஓட்டை அங்கே. பக்கத்தில் ஒருவர் தீயணைப்பான் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், சும்மா சொல்லவில்லை.

ஸ்டேஜ் முடிந்து நேரம் குறிக்கும் கன்ட்ரோலில் நின்றபின் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று அடம்பிடித்தால் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் அம்பாசிடர் பம்பில் ஈரத்துணி சுற்றினோமே, அதே சமாச்சாரம், அயர்லாந்து மழையிலும் நடக்கிறது. பானெட்டைத் திறந்து வையுங்கள், பெட்ரோல் லைனை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். இன்னொன்று, 2021-க்குப் பிறகு பிரிட்டன் பம்புகளில் வரும் சாதா பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது), பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து அரிக்கும். ஃபில்டரில் கறுப்புத் துகள் தெரிந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள், ஹோஸை மாற்றுங்கள்.

ஆயில் விஷயத்தில் தார் ரோடு மண் ரோட்டைவிடக் கொடுமை. ஒட்டும் டயரில் நீண்ட வளைவைப் பிடிக்கும்போது சம்ப்பில் (இன்ஜினின் அடித் தொட்டியில்) இருக்கும் ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, அது நேர் ரோட்டில் சரியாகக் காட்டி வளைவில் மட்டும் முள் விழுந்தால் ஆயில் பம்பைத் திட்டாதீர்கள், சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வேண்டும். கம்பெனி போட்ட எச்சரிக்கை விளக்கு எரியும்போது பேரிங் ஏற்கனவே போயிருக்கும், இருபது முப்பது பிஎஸ்ஐயிலேயே எரியும் சுவிட்ச் மாற்றிக்கொள்ளுங்கள். பின்டோவுக்கே உரிய வியாதி கேம்ஷாஃப்ட் மேல் ஆயில் தெளிக்கும் குழாய். அதன் துளைகள் அடைத்தால் கேம் தேய்ந்து மேலே டிக் டிக் என்று சத்தம் வரும். ராக்கர் கவரைக் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள், ஒவ்வொரு கேம் மேலும் ஆயில் விழ வேண்டும். ஒன்று காய்ந்து கிடந்தால் குழாயைக் கழற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

பிரேக்குக்கு வருவோம். ஓட்டுநர் "பிரேக் இல்லை" என்று சொன்னால் அது மூன்று வெவ்வேறு நோய். பெடல் கல்லு மாதிரி இருக்கிறது ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் தன் பிடியை இழந்துவிட்டது, வேறு ரகம் போடுங்கள். பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155, அதனால் போன சீசன் ஆயிலோடு மலை இறக்கத்துக்குப் போகாதீர்கள், எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றி ஏர் எடுங்கள். மூன்றாவது, முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் மேலே வருகிறது. இதற்கு ஏர் எடுத்து எடுத்து அலுத்துப்போகிறவர்கள் நிறைய. லைனில் காற்று இருந்தால் மிதித்ததும் பஞ்சு போல் இருக்கும். மேடு பள்ளமான வேக ரோட்டுக்குப் பிறகு மட்டும் வந்து, இரண்டாவது மிதி கெட்டியாக இருந்தால் வீல் பேரிங் ஆட்டத்தில் டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னால் தள்ளியிருக்கிறது.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கட கட என்றால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டோ ஸ்ட்ரட்டோ. பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, அப்புறம் ஒரு துளி பின்வாங்க வேண்டும், ஒரேயடியாக முறுக்கினால் சூட்டில் பேரிங் பிடித்துக்கொள்ளும்.

பிரேக் போடும்போது மட்டும் வண்டி அங்கும் இங்கும் அலைந்தால் ஆன்டி-ரோல் பார் புஷ்களைப் பாருங்கள், எஸ்கார்ட்டில் முன் சக்கரத்தை முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தக் கம்பிதான். பின்னால் பட்டை ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் முதல் ஸ்டேஜ் முடிந்ததும் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ-போல்ட்டை ஒருமுறை முறுக்குங்கள், புதுசு மாட்டினால் கட்டாயம் லூஸ் ஆகும். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது "டங்" என்றால் ஸ்டாண்டில் நிறுத்தி ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகி ஜாயின்ட் ஜாயின்ட்டாகப் பாருங்கள். மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடப்பது பெரும்பாலும் பிளேட் போட்ட எல்எஸ்டியின் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியலின்) குணம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சூடேறினால் ஒரே கணக்கு: நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன், ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர், டைமிங், இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன் பாருங்கள், த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து. மூடி வைத்துப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பிரித்த ஆட்கள் உண்டு.

கேபிள்கள் கடைசி. கிளட்ச் கேபிளின் பெடல் பக்க முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு புதுக் கேபிளை அதே வழியில் ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டி வைத்துவிட்டால், நடு ஸ்டேஜில் அறுந்தால்கூட இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.