நைரோபிக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நில்லுங்கள்

கென்யத் தலைநகர் நைரோபிக்கு டிக்கெட் போட்ட கையோடு கொழும்பில் பொரளைக்குப் போங்கள். மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்த அட்டை செல்லுபடியாகும். கென்யாவிலிருந்து திரும்பி வரும்போது இலங்கைக்குள் நுழைய அது வேண்டும், அதனால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். கென்யா 2024 ஜனவரியோடு விசாவை நீக்கிவிட்டது. பதிலாக, புறப்படும் முன்பே இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும்.

பெட்டி அடுக்கும்போது சுவெற்றரை மறக்க வேண்டாம். ஆப்பிரிக்கா என்றதும் நம் ஆட்கள் வெயிலைத்தான் நினைப்பார்கள். நைரோபி 1,700 மீற்றருக்கு மேலே, ஏறக்குறைய நுவரெலியா உயரத்தில் இருக்கிற ஊர். ஜூலை, ஓகஸ்ட் விடியலில் பல் கிட்டும். அடுத்தது ஷொப்பிங் பேக். 2017இலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நைரோபியின் பார்க்லண்ட்ஸ் பகுதியில் இருக்கும் என் தங்கைக்கு முறுக்கும் மிக்சரும் நான் டின்னில் போட்டுத் துணிப்பையில்தான் கொண்டுபோவேன். குடித்துவிட்டு எறியும் தண்ணீர்ப் போத்தலையும் தேசியப் பூங்காக்களுக்குள் கொண்டுபோகக் கூடாது.

சரி, பூங்காவுக்கு வருவோம். மசாய் மாரா சரணாலயத்துக்குப் போகாவிட்டால் மிருகம் பார்த்த கணக்கில்லை என்று பலர் சொல்வார்கள். மாரா அழகுதான், ஆனால் வீதியால் போக மட்டுமே ஐந்தாறு மணித்தியாலம். நாலைந்து நாள் லீவில் போகிறவர்களுக்கு நான் சொல்வது நைரோபி தேசியப் பூங்கா. நகர மத்தியிலிருந்து ஏழு கிலோமீற்றர்தான். 1946இல் கென்யாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், பரப்பு 117 சதுர கிலோமீற்றர். அதற்குள் சிங்கம், சிறுத்தை, எருமை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. காட்டு யானை மட்டும் இல்லை, அதற்கு இந்த நிலம் போதாது.

வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். கட்டணத்தைக் காசாக வாங்க மாட்டார்கள், இணையத்தில்தான் கட்ட வேண்டும். அதை முந்தின இரவே முடித்துவிடுங்கள். வாசலில் போனை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றால் நல்ல வெளிச்சம் போய்விடும்.

வாகனத்தில் ஏறியதுமே சாரதியிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: சிங்கத்தைத் தேடி ஓட வேண்டாம், நிற்கச் சொல்லும் இடத்தில் எஞ்சினை நிறுத்துங்கள். நம் யாலை தேசியப் பூங்காவில் ஒரு சிறுத்தையின் வால் தெரிந்ததும் ஜீப்புகள் முண்டியடிப்பதைப் பார்த்து மனம் வெறுத்தவள் நான். இங்கே அப்படிச் செய்தால் மிருகத்துக்கும் கேடு, நமக்கும் ஒன்றும் தெரியாது. எஞ்சின் நின்றால்தான் கறுப்புக் காண்டாமிருகம் தின்னுவது காதில் விழும். அதன் மேலுதடு கூராக நீண்டு, விரல் மாதிரி வளையும். முள்ளுச் செடியின் கிளையை அந்த உதட்டால் சுற்றி இழுத்து, கடைவாயில் வைத்துக் கடிக்கும்போது ‘மடக்’ என்று ஒரு சத்தம். முதுகில் உண்ணி பொறுக்கும் குருவிகள் காது மடலுக்குள்ளேயே தலையை விடும். அது அசையாது. வெள்ளைக் காண்டாமிருகமும் இங்கே உண்டு, அதற்கு வாய் அகலம், குனிந்து புல்லை மேயும். பின்னால் அடிவானத்தில் நகரத்து மாடிக் கட்டடங்கள்.

மழை மாதங்களைத் தவிருங்கள், குறிப்பாக ஏப்ரல், மே. பூங்காவுக்கு மூன்று பக்கம்தான் வேலி, தெற்கே ஆற்றுக்கு அப்பால் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். மழை பெய்து புல் முளைத்தால் மிருகங்கள் அந்தப் பக்கம் போய்விடும், வறட்சியில் பூங்காவின் குளங்களைத் தேடித் திரும்பும். அவை வெளியே போகும்போது பின்னாலேயே சிங்கமும் போய்ப் பட்டி மாடுகளைப் பிடிக்கும். அந்தத் தெற்கு எல்லையில் வளர்ந்த ரிச்சர்ட் துரேரே, சிறுவனாக இருந்தபோதே, அணைந்தணைந்து எரியும் விளக்குகளைப் பட்டியைச் சுற்றிப் பூட்டிச் சிங்கத்தை விலக்கிக் காட்டியவர். தெற்குப் பக்கமும் கட்டடங்களால் அடைபட்டால் இந்தப் பூங்காவுக்கு மூச்சு நின்றுவிடும் என்பது என் கவலை.

திரும்பும் முன், கள்ளத் தந்த வியாபாரத்தை எதிர்த்துத் தந்தம் எரித்த இடத்தில் இறங்குங்கள். 1989 ஜூலையில் ஜனாதிபதி மோய் 12 தொன் தந்தத்துக்குத் தீ வைத்தார். 2016இல் இதே பூங்காவில் 105 தொன் எரித்தார்கள். அதே வருஷம் ஜனவரியில் நம் காலிமுகத்திடலில் 359 தந்தங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கியதை நினைத்துப் பாருங்கள். அவை கென்யாவிலிருந்து டுபாய்க்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்டவை. பூங்காவின் அந்தச் சாம்பல் மேட்டின் முன்னால் நாம் வெறும் சுற்றுலாக்காரர் இல்லை.

யானை பார்க்க ஷெல்ட்ரிக் நிலையம் இருக்கிறது, பூங்காவின் ஓரத்திலேயே. காலை 11 மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் மட்டும் திறப்பார்கள், முன்பதிவு கட்டாயம். தாயை இழந்த குட்டிகளுக்குப் பராமரிப்பாளர்கள் போத்தலில் பால் கொடுப்பார்கள், இரவில் பக்கத்திலேயே படுப்பார்கள். வளர்ந்ததும் சாவோ காட்டுக்குக் கொண்டுபோய் மெல்ல மெல்லக் காட்டு மந்தைகளோடு சேர விடுகிறார்கள். நம் பின்னவலை யானைகள் சரணாலயத்தைப் பார்த்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நகரத்துக்கு ஒரு முழு நாள் போதும். தேசிய அருங்காட்சியகத்தில் துர்கானாச் சிறுவன் என்ற ஆதிமனித எலும்புக்கூடு உண்டு. புதைபடிவம் தேடும் கென்யர் கமோயா கிமேயு 1984இல் கண்டெடுத்தது, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பின்னேரம் கருரா காட்டில் நடக்கலாம். கட்டடக்காரர்களிடமிருந்து அதைக் காப்பாற்றப் போராடியவர்களில் முன்னின்றவர் நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. சப்பாத்தியும் சமோசாவும் பால் தேத்தண்ணியும் எங்கும் கிடைக்கும், மரக்கறிக்காரர் பார்க்லண்ட்ஸ் பக்கம் போனால் குஜராத்திச் சாப்பாடு. மாற்றுவதற்கு டொலர் கொண்டுபோங்கள், நம் ரூபாய் அங்கே உதவாது. இருட்டிய பிறகு நகர மத்தியில் நடந்து திரியாமல் போனில் டாக்சி எடுங்கள். புறப்படும் நாளில் மொம்பாசா வீதி நெரிசலில் அகப்படாமல், சுங்கம் கட்டி மேலே போகும் அதிவேகப் பாதையால் விமான நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.