பதிவேட்டில் பூஜ்யமா? சந்தேகப்படுங்கள்: மருத்துவ மாணவர் நலத்தில் நாம் செய்யும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக் கூட்டம். "கடந்த ஆறு மாதத்தில் மாணவர்களுக்கு ஊசிக்குத்துக் காயம்: இல்லை" என்று வாசித்தார்கள். எல்லோருக்கும் திருப்தி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அன்று மாலை வார்டில் ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் (படிப்பின் கடைசியில் வார்டில் பயிற்சி பெறுபவர்) பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். "எனக்கே ரெண்டு தடவை குத்தியிருக்கு சார். அதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார்.

தினமும் நூற்றுக்கணக்கான ரத்த மாதிரிகளை மாணவர்கள் எடுக்கும் இடத்தில், நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி ஆறு மாதம் யாருக்கும் தவறிக் குத்தவில்லை என்பது நடக்கிற காரியமில்லை. யாரும் சொல்லவில்லை என்பதுதான் அந்தப் பூஜ்யத்தின் பொருள். மாணவர் நலத்துக்குப் பொறுப்பானவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒன்றில்தான் போய் முடிகின்றன: சொல்ல வழி வைக்காமல் இருப்பது, அப்புறம் யாரும் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருப்பது.

மாணவர் யாருடைய ஆள்?

2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசிகளை மருத்துவமனையே போட வேண்டும். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் பட்டியல் தயாராகும். செவிலியர், லேப் டெக்னீஷியன், தூய்மைப் பணியாளர் எல்லோரும் அதில் இருப்பார்கள். மாணவர் இருக்கமாட்டார், ஏனென்றால் பட்டியல் சம்பள ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதப்படுவது.

கேட்டால், மாணவர் கல்லூரியின் பொறுப்பு என்று மருத்துவமனை சொல்லும். வார்டில் நடப்பதற்கு மருத்துவமனைதான் பொறுப்பு என்று கல்லூரி சொல்லும். டீன், துணை முதல்வர், ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்), விடுதி வார்டன் என்று நால்வர் இருந்தும் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போவது இப்படித்தான். உடனே ஒரு குழு அமைத்துவிடுவது அடுத்த தவறு. குழு மாதம் ஒருமுறை கூடும், ஊசி அதுவரை காத்திருக்காது. ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும், அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

இது பெருந்தன்மை சார்ந்த விஷயமும் இல்லை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், தொற்று அபாயம் உள்ள இடத்தில் வேலை செய்யும் அனைவருக்கும் பாதுகாப்பு வசதி, பயிற்சி, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து ஆகியவற்றைத் தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது.

தடுப்பூசி போட்டாச்சு, டைட்டர் பார்த்தாச்சா?

ஊசிக்குத்து என்றாலே எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துப் பயப்படுகிறார்கள். பாதிக்கப்பட்டவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். தடுப்பாற்றல் இல்லாதவருக்கு ஹெபடைட்டிஸ்-பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகலாம். நூறு மடங்கு வித்தியாசம்! பெரிய ஆபத்துக்குத் தடுப்பூசி இருக்கிறது, அதைத்தான் அலட்சியமாகக் கையாள்கிறோம்.

0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். மூன்றாவது டோஸுக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் அளவை, அதாவது டைட்டரை, பார்க்க வேண்டும். அது மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்ந்த முதல் மாதமே தொடங்கினால், முதலாண்டு முடிவதற்குள் டைட்டர் முடிவு வரை கையில் இருக்கும். மாணவர் அதன் பிறகுதான் முறையாக வார்டுக்குப் போகிறார். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு முகாம் நடத்தி, முதல் டோஸ் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது டோஸுக்குப் பாதிப் பேர் வருகிறார்கள். மூன்றாவது டோஸ் வரும்போது தேர்வு நேரம்.

"குழந்தையிலேயே போட்டிருப்பாங்க" என்பது இன்னொரு சமாதானம். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ்-பி 2002 வாக்கில் சில இடங்களில் முன்னோட்டமாகத்தான் தொடங்கியது. நாடு முழுவதும் விரிந்தது 2011இல். இன்றைய மாணவர்களில் பலர் நடுவில் பிறந்தவர்கள். போட்டவர்களுக்கும் இத்தனை ஆண்டுகளில் அளவு குறைந்திருக்கலாம். அவர்களுக்கு ஒரு டோஸ் போட்டுவிட்டு அளவைத் திரும்பப் பார்த்தால், பாதுகாப்பு உண்டா என்று தெரிந்துவிடும்.

முறையாக மூன்று டோஸ் போட்டும் சிலருக்கு எதிர்ப்புப்பொருள் உருவாகாது. மீண்டும் ஒரு சுற்று போட வேண்டும். அதற்கும் உருவாகாவிட்டால், ஊசி குத்திய அன்றே அவருக்கு எதிர்ப்புப்பொருளையே நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படும். டைட்டரே பார்க்காத கல்லூரியில் அந்த ஒருவர் யார் என்று எப்படித் தெரியும்?

இரவு இரண்டு மணி

பிரசவ வார்டில் தையல் போடும்போது ஒரு ஹவுஸ் சர்ஜனுக்குக் கையுறையைத் தாண்டி ஊசி குத்துகிறது. அவர் முதலில் என்ன செய்கிறார்? பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுகிறார். ஸ்பிரிட் ஊற்றுகிறார். சிறுவயதுப் பழக்கத்தில் விரலை வாயில் வைப்பவரும் உண்டு. மூன்றுமே கூடாது. ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவினால் போதும். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலச வேண்டும்.

அப்புறம் தயக்கம் தொடங்குகிறது. சீனியரிடம் சொன்னால் "பார்த்துப் பண்ண மாட்டியா?" என்பார். பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் மாணவர்கள் மறைக்கிறார்கள். அதையும் மீறிச் சொன்னால், "காலையில் ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) திறந்ததும் போ" என்பது பதில். அங்கேதான் நிர்வாகத்தின் தவறு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் டோஸை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. நோயாளியின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் போட்டுக்கொள்ளலாம், நோயாளிக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இருந்தால் 28 நாள் தொடர வேண்டும். ஆக, முதல் சில நாள்களுக்கான மாத்திரை கேசுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) 24 மணி நேரமும் இருக்க வேண்டும். மாத்திரை பீரோவிலும் அதன் சாவி ஸ்டோர் கீப்பர் வீட்டிலும் இருந்தால் அது இருப்பதாகக் கணக்கில்லை. (சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.)

மாணவரின் ரத்தத்தை அன்றே எடுத்துப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குத்திய நாளில் தொற்று இல்லை என்பதற்கு அதுதான் சான்று. பின்னால் ஏதாவது வந்தால் பணியில் வந்தது என்று காட்ட வேறு வழியில்லை. ஹெபடைட்டிஸ்-சி.க்குத் தடுப்பூசியும் கிடையாது, குத்தியவுடன் போடும் மாத்திரையும் கிடையாது. ஆனால் தொற்றைக் கண்டுபிடித்தால் இன்று மாத்திரையாலேயே குணப்படுத்த முடியும். ஆறு மாதம் வரை பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டியது மருத்துவமனையின் வேலை. ஹவுஸ் சர்ஜன் அதற்குள் நாலைந்து போஸ்டிங் மாறியிருப்பார், தானாக நினைவு வைத்து வரமாட்டார்.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். கேசுவாலிட்டி மேசையில் திறந்து கிடக்கும் நோட்டில் பெயர், பேட்ச், "எச்.ஐ.வி. டெஸ்ட்" என்று எழுதினால் அடுத்தவர் யாரும் வரமாட்டார்கள். எண் மட்டும் கொடுத்து, பெயர்ப் பட்டியலைப் பொறுப்பு அலுவலர் பூட்டி வைத்திருந்தால் போதும்.

வருகைப்பதிவும் அம்மையும்

விரிவுரைக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். தேவையான விதிதான். ஆனால் நோயால் விடுப்பு எடுத்த நாள்களை எப்படி ஈடு செய்வது என்று சொல்லாமல் விட்டால், காய்ச்சலோடும் வகுப்புக்கு வா என்று மாணவருக்கு நாமே சொன்ன மாதிரி.

சின்னம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய், வேப்பிலையில் படுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் "சரியாயிடுச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றும் நாளுக்கும் தொற்று நிற்கும் நாளுக்கும் சம்பந்தமில்லை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். இந்த நிலையில் அவர் கர்ப்பிணிகள் வார்டிலோ பச்சிளம் குழந்தைகள் பிரிவிலோ போய் நின்றால் என்ன ஆகும் என்று மருத்துவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேரும்போதே அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்பவர்களைக் கண்டுபிடித்து இரண்டு டோஸ் போட்டுவிடலாம்.

காசநோய் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் நோயாளிக்குச் சளிப் பரிசோதனை எழுதும் அதே மாணவர், தனக்கு இருமல் வந்தால் வார்டு டிராலியிலிருந்து லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்கொள்வார். அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்தியம் செய்துகொள்வதை ஒழுக்கக் குறைவாகப் பார்த்துத் திட்டிப் பயனில்லை. ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாக இருந்தால் அவர்களுக்கு வேறு வழி என்ன? மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மருத்துவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதில் பாதி தீரும்.

மனநல ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பது யார்?

"எங்களிடம் மனநலத் துறையே இருக்கிறது, மாணவர்களுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராத, அழுகையை அடக்க முடியாத ஒரு மூன்றாமாண்டு மாணவி அந்த ஓ.பி.க்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்திருப்பது அவருடைய ரூம்மேட்டாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பேராசிரியர் நாளை அவருக்கே மதிப்பெண் போடுபவராக இருக்கலாம். அவர் எப்படி வாய் திறப்பார்?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் விதியில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. மாணவருக்குச் சிகிச்சை தருபவர் அந்த மாணவரின் மதிப்பீட்டிலோ தேர்ச்சி முடிவிலோ பங்கெடுக்கக் கூடாது. நம் கல்லூரிகளில் இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது. பக்கத்துக் கல்லூரியோடு பேசி, அங்குள்ள மருத்துவர் இங்குள்ள மாணவர்களையும், இங்குள்ளவர் அங்குள்ளவர்களையும் பார்க்கலாம். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

இதில் வேலை நேரத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் எந்தக் கவுன்சலிங்கும் பயன் தராது. முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 1992இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரம் 74 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை, வாரம் ஒருநாள் ஓய்வு என்று பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளில் எண் மேலே போயிருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த 74ஐயாவது எத்தனை துறைகள் எண்ணிப் பார்க்கின்றன? டூட்டி ரோஸ்டரைக் கூட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கேமரா மட்டும் போதாது

2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதுநிலை மாணவி கொல்லப்பட்ட பிறகு எல்லா இடத்திலும் சி.சி.டி.வி. கூடியது. நீண்ட டூட்டிக்கு நடுவே அவர் ஓய்வெடுக்கப் போனது கருத்தரங்க அறைக்கு. உள்ளே தாழ்ப்பாள் உள்ள, வார்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும், பெண்களுக்குத் தனியான டூட்டி ரூம் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும். அப்புறம் விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு வரும் பாதையில் இரவில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்து இரவில் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டது பட்டப்பகலில்.

ராகிங் தடுப்பை உறுதிமொழிப் பத்திரத்தோடு முடித்துக்கொள்வதும் இதே வகைதான். 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. புகார் கொடுத்த ஜூனியர் அன்றிரவு எந்த அறையில் தூங்குகிறார் என்று வார்டன் கேட்டாரா என்பதுதான் விஷயம்.

விடுதித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டெங்கு பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கும் கல்லூரியின் மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று மட்டும் ஏறிப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் பிறகு செய்தது சின்ன வேலை. மாணவர் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் ஐந்து வரி அச்சடித்தோம்: சோப்பில் கழுவு, பிதுக்காதே, இரண்டு மணி நேரத்துக்குள் கேசுவாலிட்டிக்கு வா, யாரும் திட்டமாட்டார்கள், இந்த எண்ணைக் கூப்பிடு. அட்டை கொடுத்த வாரம், சரிபார்க்க இரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணை நான் அழைத்தேன். பூட்டிய அலுவலக அறைக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அதை டூட்டி மருத்துவரின் கைப்பேசிக்கு மாற்றினோம்.