இந்தோனேசியக் கடையில் முதல் சாப்பாடு: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூர் வந்த முதல் சில வாரங்கள் நம்மவர்கள் பெரும்பாலோர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். பசித்தால் எம்ஆர்டி ரயில் பிடித்து, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போகிறோம். ஜூரோங்கிலோ உட்லண்ட்சிலோ குடியிருப்பவருக்குப் போகவர ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இத்தனைக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஓர் உணவங்காடியோ காப்பிக்கடையோ இருக்கும். அங்கே ஓர் இந்தோனேசியக் கடையும் இருக்க நிறைய வாய்ப்புண்டு. பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் புரியாமல் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் தாண்டிப் போனேன். சோறு, காரம், புளி, தேங்காய்ப்பால் என்று நம் நாக்குக்கு இவ்வளவு நெருங்கிய சாப்பாடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது யாரும் வயிறு காய வேண்டியதில்லை. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பலகையை வாசிக்கப் பழகுங்கள். பதினைந்து மலாய், இந்தோனேசியச் சொற்கள் போதும். நாசி என்றால் சோறு, மீ என்றால் நூடுல்ஸ். ஆயாம் கோழி, இக்கான் மீன், ஊடாங் இறால், சோத்தோங் கணவாய், கம்பிங் ஆடு, தெலோர் முட்டை, சாயோர் காய்கறி, தாஹு என்பது டோஃபு, அதாவது சோயாப்பால் கட்டி. கோரேங் என்றால் பொரித்தது அல்லது வறுத்தது, பாக்கார் சுட்டது, ரெபுஸ் அவித்தது. பெடாஸ் காரம், மானிஸ் இனிப்பு. இவற்றைச் சேர்த்துப் பாருங்கள், இக்கான் பாக்கார் சுட்ட மீன் என்று தானே விளங்கும். கடையை மலாயில் கெடாய் என்கிறார்கள். நம் ‘கடை’ கப்பலேறிப் போய் அங்கே தங்கிவிட்ட சொல் அது.

முதல் நாள் வாங்க வேண்டியது ஆயாம் பென்யெட். கிழக்கு ஜாவாவின் சாப்பாடு. ஜாவா மொழியில் பென்யெட் என்றால் நசுக்கியது. மஞ்சள், பூண்டு, கொத்தமல்லி விதை, பேரரத்தை எல்லாம் சேர்த்துக் கோழியை முதலில் வேகவைத்துவிடுகிறார்கள். கேட்டபிறகு எண்ணெயில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கடையில் அந்த ‘டொக்’ சத்தம் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். தட்டியதில் தோல் வெடித்து, எலும்பை விட்டுச் சதை விலகி, உள்ளிருந்து ஆவி வரும். கூடவே சோறு, ஒரு துண்டு தாஹு, ஒரு துண்டு தெம்பே, வெள்ளரிக்காய், பச்சை முட்டைக்கோஸ், சில கடைகளில் சின்னக் கிண்ணத்தில் சூப்.

தெம்பேயை ஒதுக்கிவிடாதீர்கள். சோயாவை அவித்துப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது. ஜாவாக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த உணவு. வெட்டிய பக்கத்தைப் பார்த்தால் பருப்பு பருப்பாகத் தெரியும், நடுவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். கெட்டுப்போனது என்று எண்ண வேண்டாம், அதுதான் பருப்பைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பொரித்தால் வறுத்த பயறு வாசனை வரும்.

இனி சம்பல், கோழியோடு தொட்டுக்கொள்ளத் தரும் மிளகாய்த் துவையல். நம் குழம்பில் மிளகாய் நன்றாக வெந்து புளியோடு அடங்கிவிடுகிறது. இங்கே மிளகாயை லேசாக வதக்கியோ பச்சையாகவோ, எரிமலைக் கல்லில் செதுக்கிய குழிந்த கல்லில் வைத்து நசுக்குகிறார்கள். நம் அம்மியின் தங்கை என்று சொல்லலாம். காரம் நாக்கில் படாமல் நேரே காதுக்கு ஏறும். குண்டூர் மிளகாய் பார்த்த வாய்தானே என்று மொத்தத்தையும் சோற்றில் பிசைந்துவிடாதீர்கள். விரல் நுனியளவு எடுத்து, கோழியில் தொட்டு, ஒரு கவளம் சோற்றோடு சாப்பிடுங்கள். கரண்டியும் முள்கரண்டியும் தருவார்கள். நீங்கள் கையாலேயே சாப்பிடலாம். இந்தோனேசியர்களும் மலாய்க்காரர்களும் இதைக் கையால் சாப்பிடுகிறவர்கள்தாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டிலிருந்து வந்தவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். டாகிங் என்ற சொல்லுக்கு இறைச்சி என்று பொருள், ஆனால் கடைப் பலகையில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ரெண்டாங் என்று மட்டும் எழுதியிருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்சோ என்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி உருண்டை. கறுப்பாக இருக்கும் ரவோன் சூப்பும் மாட்டிறைச்சிதான். இந்தக் கடைகளுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம், தேங்காய்ப்பாலில் சுண்டிக் கறுத்துக் கிடந்த ரெண்டாங்கை மட்டன் சுக்கா என்று நினைத்து வாங்கினேன். பாதித் தட்டில் பக்கத்தில் இருந்தவர் சொல்லித் தெரிந்தது. அன்று முழுக்க மனம் ஆறவில்லை. கடைக்காரர் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. விரலால் காட்டி, “இனி டாகிங் லெம்பு?” என்று கேளுங்கள். இது மாட்டிறைச்சியா என்று பொருள். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர் லெம்பு என்பதற்குப் பதில் சாப்பி என்பார், இரண்டும் மாடுதான். சூப்புக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் கொடுக்கும் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடை உங்களுக்குக் கடினம். காரணம் பெலாச்சான். இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது, இந்தோனேசியர்கள் தெராசி என்பார்கள். அநேகமாக எல்லாச் சம்பலிலும் அது இருக்கும். சாயோர் லோடே பார்க்கத் தேங்காய்ப்பால் விட்ட நம் கூட்டு மாதிரியே இருக்கும், அதில் காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள். தெம்பேயும் தாஹுவும் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கும். என் அம்மா வந்திருந்தபோது, அவித்த காய்கறியில் வேர்க்கடலைச் சாறு ஊற்றித் தரும் காடோ-காடோ கேட்டேன். இறைச்சி, மீன் எதுவும் கூடாது என்றதும் கடைக்காரப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கடலைச் சாறு இருந்த சட்டியைக் காட்டி, “ஆடா ஊடாங்” என்றார், இறால் இருக்கிறது என்று. மேலே நொறுக்கிப் போடும் அப்பளத்தையும் காட்டித் தலையை ஆட்டினார். அதுவும் இறால் அப்பளம். ஒரு விற்பனை போனாலும் போகட்டும் என்று சொன்ன அந்தப் பெண்ணை நான் மறக்கவில்லை. அம்மாவுக்கு அன்று பக்கத்துச் சீனச் சைவக் கடையில் சாப்பாடு வாங்கினேன். இறாலோ வேர்க்கடலையோ ஒவ்வாதவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து இருபது வகை அடுக்கியிருந்தால் அது நாசி படாங். மேற்குச் சுமத்ராவின் தலைநகரான படாங்கின் பெயர். மினாங்கபாவ் மக்களின் சமையல். சோறு வாங்கிக்கொண்டு வேண்டியதைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஆசையில் நான்கைந்தைக் காட்டிவிட்டுக் கணக்குப் பார்த்துத் திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் இறைச்சி அல்லது மீன், ஒரு காய் போதும். தட்டில் வைப்பதற்கு முன்பே “பெராப்பா?” என்று விலை கேட்டுவிடுங்கள். ஆயாம் பென்யெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் வட்டாரத்தில் அது 7, 8 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கைபேசியில் கட்டலாம். ஆனாலும் சில சிறிய கடைகள் ரொக்கம் மட்டும் வாங்குவதால் பத்து வெள்ளித் தாள் ஒன்று பையில் இருக்கட்டும்.

கடைக்காரரை உறவு சொல்லி அழையுங்கள். வயதான பெண்ணை மக்சிக் என்றும், நம் அக்கா வயதுப் பெண்ணைக் கக் என்றும், அண்ணன் வயது ஆணைப் பாங் என்றும் கூப்பிடலாம். முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

மேசையில் டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதலும் காப்பிக்கடைகளிலும் ஃபுட் கோர்ட்டுகளிலும் 2022 ஜனவரி 1 முதலும் இது சட்டப்படி நடைமுறையில் இருக்கிறது. முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். தட்டு வைக்கும் அடுக்கு ஹலாலுக்குத் தனியாகவும் மற்றதற்குத் தனியாகவும் இருக்கும். எழுதியிருப்பதைப் பார்த்து வையுங்கள். பன்றி இறைச்சி விற்கும் கடையின் தட்டை ஹலால் அடுக்கில் வைப்பது முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்தும்.

ஹரி ராயா என்னும் பெருநாள் நாட்களில் கடை சில நாள் மூடியிருக்கும், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் “பூங்குஸ்” என்று சொன்னால் போதும், கட்டித் தருவார்கள். சம்பலைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குக் கொடுக்கும் சம்பல் ஒருவருக்கு அதிகம். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். கருவாடு பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசனை ஊரையே கொண்டுவந்துவிடும்.