நோயுற்றவரைப் பார்த்து ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" (மத்தேயு 25:36). குணமாக்கும்படி அங்கே யாரையும் கேட்கவில்லை, விசாரிக்கும்படிதான் கேட்டிருக்கிறது. ஆகவே இந்த ஊழியத்துக்குப் பட்டமோ வரமோ தேவையில்லை. ஆனால் முறை தெரியாமல் போனால் நோயாளியைக் களைப்பாக்கிவிட்டுத் திரும்புவோம்.

சொல்லாமல் போய் நிற்காதீர்கள். வீட்டாரிடம் போனில் மூன்று விஷயம் கேளுங்கள்: பார்க்க அனுமதி உண்டா, எந்த நேரம் தோது, தொற்று பற்றிய எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா. அறுவைச் சிகிச்சை நடந்த அன்றும், டயாலிசிஸ் முடிந்த கையோடும் போவதைத் தவிர்க்கலாம். உங்களுக்கே சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகக் கூடாது, போனில் பேசினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பெண் நோயாளியைப் பார்க்க ஆண் ஒருவர் தனியாகப் போவதைவிட ஒரு சகோதரியையும் அழைத்துப் போவது நல்லது. சென்ட் பூசாதீர்கள், கீமோதெரபி எடுப்பவர்களுக்கு அந்த வாசனையே குமட்டலைக் கொண்டுவரும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் வார்டில் பூவும் பழமும் பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. எதை வாங்குவதானாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நுழையும் முன்பும் வெளியே வந்த பின்பும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, கை உலரும்வரை தேய்க்க வேண்டும். கட்டிலில் உட்காராதீர்கள்: தொற்று ஒரு காரணம், மெத்தை அசைந்தால் தையல் போட்ட இடம் வலிக்கும் என்பது இன்னொரு காரணம். நின்றுகொண்டே பேசினால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், அவசரத்தில் வந்ததுபோலவும் தோன்றும். நாற்காலியை அவர் முகம் தெரியும் பக்கம் போட்டு உட்காருங்கள். அவர் தூங்கினால் எழுப்ப வேண்டாம். இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வந்துவிடலாம். விழித்திருந்தால் 10 முதல் 15 நிமிடம். ஐசியுவில் ஐந்து நிமிடமே அதிகம். "இன்னும் கொஞ்சம் இருங்கள்" என்று அவரே சொன்னால் மட்டும் நீட்டலாம்.

பேச்சில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறோம். "என்ன ஆச்சு?" என்று தொடங்கினால், ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொன்ன கதையை அவர் மறுபடி சொல்ல வேண்டும். "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், வலி, தூக்கம், பயம் என எதைப் பற்றி வேண்டுமானாலும் அவர் பேசலாம். அவர் மௌனமாக இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது வேதனையைக் கூட்டும் ஆறுதல்காரர், என்ற பட்டம் வாங்கினார்கள். "எல்லாம் நன்மைக்கே", "ஏதோ பாவம் இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்", "எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான், ஆறு மாதத்தில் போய்விட்டார்" போன்றவற்றை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஜெபிக்கும் முன் கட்டாயம் ஒரு கேள்வி: "எதற்காக ஜெபிக்கட்டும்?" பர்திமேயு பார்வையற்றவன் என்று தெரிந்தும், என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). புற்றுநோயில் கிடப்பவர், நாளைய ஸ்கேனை நினைத்துப் பயப்படலாம். பேசாமல் இருக்கும் மகனை நினைத்து அழலாம். கேட்காமல் ஜெபித்தால் உங்கள் கவலைக்காகத்தான் ஜெபித்திருப்பீர்கள். அவர் சொன்னதை அவர் பெயரோடும் முடிந்தவரை அவர் வார்த்தைகளாலும் கர்த்தரிடம் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பாத குரலில். தொடலாமா என்று கேட்டுவிட்டு, ட்ரிப்ஸ் ஊசி இல்லாத கையைப் பிடியுங்கள். நேரில் சொல்லத் தயங்கிய புத்திமதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் நுழைப்பது நேர்மையான காரியம் அல்ல. நினைவில்லாமல் இருப்பவருக்கும் காது கேட்கும் என்றே எண்ணிப் பேசுங்கள், ஜெபியுங்கள்.

வேதம் வாசிப்பதானால் சிறிய பகுதி. சங்கீதம் 23 ஆறு வசனம், 121 எட்டு வசனம். கோபத்திலும் கசப்பிலும் இருப்பவருக்கு 13ஆம் சங்கீதம் பொருந்தும். "எதுவரைக்கும்" என்ற முறையீட்டோடு தொடங்குவதால் அவர் மனதில் ஓடுவதையே அது சொல்லிவிடும்.

குணமாகும்படி தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "நீங்கள் குணமாகிவிட்டீர்கள்" என்று அறிவிக்காதீர்கள். பவுல் மூன்று தரம் வேண்டியும், "மாம்சத்திலே ஒரு முள்" என்று அவர் சொன்ன உபாதை நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12:7-9). தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்து என்ற ஊரில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). விசுவாசக் குறைவே காரணம் என்றால் இவர்களைப் பற்றி என்ன சொல்வோம்? மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இன்சுலினைத் தள்ளிப்போடச் சொல்வது ஊழியமே அல்ல; அது உயிருக்கு ஆபத்து.

எண்ணெய் பூசுவதைப் பொறுத்தவரை, யாக்கோபு 5:14இல் சபையின் மூப்பர்களை வரவழைப்பது நோயாளிதான். அவர் கேட்காமல் செய்ய வேண்டாம். கத்தோலிக்கருக்கு நோயில்பூசுதல் குருவானவர் மட்டுமே நிறைவேற்றும் அருளடையாளம், ஆகவே குருவானவரை அழையுங்கள். மற்றச் சபைகளில் யார் பூசலாம் என்பதைப் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு போதும். ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருப்பவரின் முகத்தில் எண்ணெய் தடவினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. பூச வேண்டுமென்றால் முதலில் நர்ஸிடம் கேளுங்கள். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை.

வெளியே வந்ததும், கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு நிமிடம் நில்லுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "புதன் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வாருங்கள்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

கேட்டதை யாரிடமும் பரப்பாதீர்கள். நோயின் பெயரும் ரிசல்ட்டும் சபையின் வாட்ஸ்அப் குழுவில் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் வெளிவருவதுதான் இந்த ஊழியத்தில் அடிக்கடி நடக்கும் துரோகம். என்ன எழுதலாம் என்று அவரையே கேட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை மட்டும் போடுங்கள். ஒரே விலக்கு: தற்கொலை எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், உடனே நர்ஸிடம் அல்லது வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் ஆட்கள் குவிவார்கள், மூன்றாவது வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் இரண்டாவது சந்திப்பை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் தேதியை அன்றே குறித்துக்கொண்டு, அன்று காலை ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் அனுப்ப வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.